கிளிமஞ்சாரோ: முதல் முறை ஏறப் போகிறவர்களுக்கு

ஆப்பிரிக்காவில், டான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோ மலையின் உச்சி 5,895 மீட்டர். உஹுரு என்று பெயர். வழக்கமான பாதைகளில் கயிற்றில் தொங்க வேண்டியதில்லை, பனிக்கோடரி தேவையில்லை, பாறையேறும் பயிற்சியும் வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும் என்பார்கள். அதை நம்பிப் பலர் பணம் கட்டுகிறார்கள். அதை மட்டுமே நம்பியதால் சிலர் பாதியில் திரும்புகிறார்கள். இந்த மலையில் காலுக்கு முன் மூச்சுதான் தோற்கும். உச்சியைத் தொடுவீர்களா என்பதில் பெரும்பகுதி ஊரில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது: ஐந்து நாள் பயணமா, எட்டு நாள் பயணமா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில்.

நாள் கணக்கு முதலில், பாதை பிறகு

தமிழ்நாட்டில் மிக உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கிளிமஞ்சாரோவில் ஏறும் பாதைகளில் ஒன்றான மச்சாமேயில் முதல் இரவு தூங்கும் முகாமே 2,835 மீட்டரில் இருக்கிறது. ஆகவே 'ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போயிருக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை' என்ற அனுபவம் இங்கே செல்லாது. நம் மலைகள் முடிகிற உயரத்தில்தான் இந்தப் பயணம் தொடங்குகிறது.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, காற்றழுத்தம் குறைகிறது. உஹுருவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான் உள்ளே போகிறது. இதைச் சமாளிக்க உடம்பு வேகமாக மூச்சு விடும். அப்படி விட்டால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடையும். சிறுநீரகம் அதைச் சரிசெய்து முடிக்கச் சில நாட்கள் ஆகும். ஜிம்மில் எத்தனை வருடம் பயிற்சி செய்திருந்தாலும் இந்த வேலை வேகமாக நடக்காது. உடல்வலு உள்ள இளைஞர்கள் முதல் இரண்டு நாள் எல்லோரையும் முந்திக்கொண்டு போய், மூன்றாம் நாள் வாந்தி எடுப்பது இங்கே அடிக்கடி நடப்பது.

மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி: 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பாதைகளைப் பார்ப்போம்.

மராங்கு பாதையில் மரக் குடில்களில் படுக்கை உண்டு, கூடாரம் இல்லை. அதனால் சுலபமான பாதை என்று பெயர் வாங்கிவிட்டது. ஐந்து நாள் திட்டத்தில் இரவுகள் இப்படி: மண்டாரா 2,720, ஹொரொம்போ 3,720, கிபோ 4,720. தினமும் சரியாக 1,000 மீட்டர். அந்த மூன்றாம் இரவே நள்ளிரவில் எழுந்து உச்சிக்கு. விதியைப் போல இரு மடங்கு. மராங்குதான் வேண்டும் என்றால் ஹொரொம்போவில் கூடுதலாக ஒரு நாள் தங்கும் ஆறு நாள் திட்டத்தை எடுங்கள்.

மச்சாமே ஆறு நாளிலும் ஏறலாம், ஏழு நாளிலும் ஏறலாம். ஏழு நாளை எடுங்கள். இந்தப் பாதையின் சூட்சுமம் மூன்றாம் நாளில் இருக்கிறது. காலையில் சுமார் 4,600 மீட்டர் உயரமுள்ள லாவா டவர் வரை ஏறி, அங்கே மதிய உணவு சாப்பிட்டு, மாலை 3,960 மீட்டர் உயரமுள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவீர்கள். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் தூங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஏழாவது நாளுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கிடைப்பது கரங்கா முகாமில் ஓர் இரவு. அது இல்லாவிட்டால் பராங்கோவிலிருந்து நேரே 4,673 மீட்டர் உயரமுள்ள பராஃபு முகாமுக்கு நடந்து, சில மணி நேரம் மட்டும் படுத்து, அதே களைப்போடு உச்சிக்குக் கிளம்ப வேண்டும்.

லெமோஷோ மேற்கிலிருந்து தொடங்கி, பிறகு மச்சாமேயோடு சேரும். எட்டு நாள் திட்டம் புதியவர்களுக்கு மிக ஏற்றது. முதல் இரண்டு நாள் கூட்டமும் குறைவு. ரொங்காய் வடக்குப் பக்கம், கென்ய எல்லையை ஒட்டியது, மழை குறைந்தது. உம்ப்வே செங்குத்து, முதல் முறை வேண்டாம். கையில் பணமும் விடுப்பும் இருந்தால் ஒன்பது நாள் வடக்குச் சுற்று இருக்கிறது. இன்னொரு வழி, முதலில் அருஷா நகருக்கு அருகில் உள்ள மேரு மலையில் ஏறி இறங்கிவிட்டு கிளிமஞ்சாரோவுக்கு வருவது. மேரு 4,500 மீட்டரைத் தாண்டுகிறது, நல்ல ஒத்திகை.

காலம்: ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, அல்லது ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரை. மார்ச் நடுவிலிருந்து மே வரை நீண்ட மழை, நவம்பரில் குறுமழை. உச்சிக்கு ஏறும் இரவு பௌர்ணமியை ஒட்டி வந்தால் வெளிச்சம் உண்டு, கூட்டமும் உண்டு.

விலையைப் பிரித்துப் பாருங்கள்

பதிவுபெற்ற வழிகாட்டி இல்லாமல் இந்த மலையில் ஏற அனுமதி கிடையாது. நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. விலையும் மூன்று மடங்குவரை வேறுபடும். எதை நம்புவது என்பதற்கு ஒரு கூட்டல் கணக்கு உதவும்.

தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டவர் ஒருவர் கட்டுவது, நாளொன்றுக்கு 70 டாலர் பாதுகாப்புக் கட்டணம். கூடாரம் போட இரவொன்றுக்கு 50. மீட்புக் கட்டணம் ஒருமுறை 20. இவற்றின் மேல் 18 சதவீத வரி. ஏழு நாள், ஆறு இரவு என்றால் 490, 300, 20, ஆக 810. வரியோடு சுமார் 956 டாலர். இந்தக் கட்டணங்கள் மாறக்கூடியவை, புறப்படுமுன் சரிபாருங்கள். ஆனால் கணக்கின் பாடம் மாறாது. ஏழு நாள் மச்சாமே 1,200 டாலருக்குத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், மீதமுள்ள இருநூற்றுச் சொச்சத்தில் சாப்பாடு, வண்டி, கூடாரம், பத்துப் பேர் சம்பளம் எல்லாம் எப்படி அடங்கும்? அடங்காது. யாரோ ஒருவருக்குச் சம்பளம் போகவில்லை, பெரும்பாலும் சுமை தூக்கும் போர்ட்டர்களுக்கு.

இரண்டு பேர் ஏறினாலும் கூடவே ஒரு வழிகாட்டி, துணை வழிகாட்டி, சமையல்காரர், ஏழெட்டு போர்ட்டர்கள் வருவார்கள். போர்ட்டர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ வரம்பு. முகாம்களில் எடை போடுவார்கள். போர்ட்டர்களின் சம்பளம், உணவு, கூடாரம் ஆகியவற்றைக் கண்காணிக்க 'கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம்' என்ற அமைப்பு இருக்கிறது. அதன் பங்குதாரர் பட்டியலில் நீங்கள் பார்க்கும் நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் இரக்கம் மட்டுமல்ல, சுயநலமும் கலந்திருக்கிறது. பட்டினியும் குளிருமாய் இருப்பவர்கள் தூக்கி வரும் கூடாரம் நேரத்துக்கு வந்து சேராது.

பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்: உச்சி இரவில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி (இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஒருவர் இருந்தால் நல்லது), அவசர ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வருமா, வாகனத்தில் இருக்குமா, காலையும் மாலையும் விரலில் கருவி மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்களா, ஒருவர் நோயுற்றுத் திரும்பினால் மற்றவர்கள் மேலே போகலாமா. கடைசிக் கேள்விக்கு 'எல்லோரும் திரும்ப வேண்டியதுதான்' என்று பதில் வந்தால், ஆள் போதாது என்று பொருள்.

நான்கு மாதப் பயிற்சி

ஓட்டத்தைவிடப் படிக்கட்டு உதவும். வாரம் மூன்று நாள் 45 நிமிடம் வேக நடை அல்லது சைக்கிள். இரண்டு நாள் படிக்கட்டு. வாரக் கடைசியில் ஒரு நீண்ட நடை. முதல் மாதம் வெறும் முதுகு. இரண்டாம் மாதம் 4 கிலோ பை. மூன்றாம் மாதத்திலிருந்து 6 கிலோ பையும், மலைக்குப் போடப்போகும் அதே பூட்ஸும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் லிஃப்டை மறந்துவிடுங்கள். இறங்கும்போதும் படியிலேயே இறங்குங்கள். முட்டியைக் கெடுப்பது இறக்கம்தான், அதற்குத்தான் யாரும் தயாராவதில்லை.

கடைசி இரண்டு மாதத்தில் இரண்டு முறையாவது அடுத்தடுத்த இரண்டு நாள் ஆறேழு மணி நேரம் மலை நடந்து பாருங்கள். வெள்ளியங்கிரியோ பர்வதமலையோ ஏறி இறங்கி, மறுநாளும் காலை எழுந்து நடக்க முடிந்தால் கால் தயார். அந்த மலைகள் மூச்சுக்கு எந்தப் பயிற்சியும் தராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடைசி வாரம் பயிற்சியைக் குறைத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள்.

மருத்துவர், ஊசி, காகிதம்

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், நாட்பட்ட நுரையீரல் நோய், அரிவாள் அணு ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் கிளம்பக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தனி எச்சரிக்கை: இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும், உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும், குளுக்கோமீட்டரும் குளிரில் தவறாகக் காட்டும்.

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு, சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையைச் சீக்கிரமாக்குகிறது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று. ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. நம் கடைகளில் 250 மில்லிகிராம் மாத்திரைதான் சாதாரணமாகக் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும்; இவை இயல்பு. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள், மலையில் முதல் முறை வேண்டாம். இந்த மாத்திரை நாள் கணக்குக்கு மாற்று ஆகாது. ஐந்து நாள் பயணத்தை எட்டு நாள் பயணமாக அது ஆக்கித் தராது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பறப்பவர்களிடம் சான்றிதழ் கேட்க வாய்ப்பு உண்டு. ஊர் திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் இன்னும் கறாராகக் கேட்பார்கள். அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு, கிழமை எல்லாம் கேட்டுவிட்டுப் போங்கள். மலையடிவார ஊரான மோஷி மலேரியா உள்ள பகுதி, தடுப்பு மாத்திரை பற்றியும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: '6,000 மீட்டர் வரை மலையேற்றம்', 'ஹெலிகாப்டர் மீட்பு'. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, மலையேற்றத்தைச் சிறிய எழுத்தில் விலக்கி வைத்திருக்கும்.

துணிமணி

சமவெளிக்காரர்கள் செய்யும் முதல் தவறு, ஒரே ஒரு கனத்த ஜாக்கெட் வாங்குவது. மலையில் ஒரே நாளில் வியர்க்கவும் செய்யும், நடுங்கவும் செய்யும். அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்கடுக்காகக் கழற்ற வேண்டும்.

உடலை ஒட்டி முதலில் தெர்மல் எனும் குளிர் தாங்கும் உள்ளாடை, மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், மேலும் கீழும் இரண்டு செட். அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. அதன்மேல் பறவையின் மெல்லிறகு அடைத்த டவுன் ஜாக்கெட், தொப்பியோடு. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் மழையும் புகாத மேலுறை, கால்சட்டையும் சேர்த்து. பருத்தி எங்கும் கூடாது. இதைப் படித்துவிட்டு விலையுயர்ந்த தெர்மல் வாங்கி, பழக்கதோஷத்தில் அதற்கு உள்ளே பருத்தி பனியன் போடுகிறவர்கள் உண்டு. அந்த பனியன் வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு உச்சியில் ஈரத்துணி சுற்றியது போல உடம்பைக் குளிரவைக்கும். பெண்கள் உள்ளாடைகளிலும் இதைக் கவனிக்க வேண்டும்.

பூட்ஸ் கணுக்காலை மூடி, நீர் புகாததாக, அரை அளவு முதல் ஒரு அளவு வரை பெரியதாக இருக்கட்டும். கனமான சாக்ஸ் போட்டு, மாலையில் (அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும்) கடைக்குப் போய் வாங்குங்கள். சரிவுப் பலகையில் இறங்கிப் பார்க்கும்போது கட்டைவிரல் முன்பக்கம் இடித்தால் அது வேண்டாம். நூறு கிலோமீட்டராவது போட்டு நடந்து பழக்குங்கள். நண்பர் அலமாரியில் ஐந்தாறு வருடம் கிடந்த பூட்ஸை இரவல் வாங்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அடிப்பாகத்து நுரைப்பொருள் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துபோயிருக்கும். பார்க்கப் புதிது போல இருக்கும், இரண்டாம் நாள் அடி தனியாகக் கழன்று வரும்.

கைக்கு மெல்லிய உள்ளுறை, மேலே விரல் பிரிவில்லாத கனத்த மிட்டன். விரல்கள் ஒன்றாக இருந்தால்தான் சூடு நிற்கும். காதையும் கழுத்தையும் மூடும் குரங்குக் குல்லாய் ஊட்டியில் சிரிப்புக்கு இடமாகலாம், பராஃபுவில் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். ஹெட்லேம்ப்புக்கு லித்தியம் பேட்டரி இரண்டு செட். சாதா பேட்டரி குளிரில் படுத்துவிடும். யூ.வி. தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, வெயிலைத் தடுக்கும் எஸ்.பி.எஃப். 50 களிம்பு, உதட்டுக்குத் தனியாக ஒன்று. கிளிமஞ்சாரோ நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி தெற்கே இருக்கிறது. கறுத்த தோலுக்கு வெயில் சுடாது என்ற நம்பிக்கையோடு போனால் மூக்கும் உதடும் உரிந்து திரும்புவீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 10 முதல் 15 டிகிரி வரை 'வசதி' அளவு உள்ளதாக இருக்கட்டும். பையில் 'தாங்கும் எல்லை' என்று இன்னொரு எண்ணும் போட்டிருக்கும், அது உறைந்து சாகாமல் இருப்பதற்கான எண், தூங்குவதற்கானது இல்லை. ஸ்லீப்பிங் பேக், டவுன் ஜாக்கெட், நடைக்கோல் மூன்றும் மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸையும் உள்ளாடையையும் மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

போர்ட்டர் தூக்கும் உங்கள் பை, ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்து 15 கிலோவுக்குள். சூட்கேஸ் கூடாது, மடங்கும் டஃபிள் பை. முதல் நாள் நடப்பது மழைக்காடு, பை நனையும். நம் வழக்கப்படி எல்லாவற்றையும் பாலிதீன் கவரில் கட்டாதீர்கள்: டான்சானியா 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்திருக்கிறது, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மேல்பக்கம் சுருட்டி மூடும் நீர்புகாப் பைகள் வாங்குங்கள். ஒருமுறை வீசும் தண்ணீர் பாட்டிலுக்கும் மலையில் அனுமதி இல்லை.

விமானத்தில் பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். மருந்து, மேலுறை, ஒரு செட் தெர்மல் கைப்பையில். டஃபிள் பை தொலைந்தால் மற்றதை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம், பழகிய பூட்ஸ் எங்கும் கிடைக்காது. நடைக்கோல் மட்டும் சரக்கில் போக வேண்டும்.

மலையில் நாட்கள்

வழிகாட்டிகள் நாளெல்லாம் சொல்லும் சொல் 'போலே போலே', சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக. எவ்வளவு மெதுவாக? பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். மூக்கால் மூச்சு விட முடிய வேண்டும். வாயைத் திறந்து இளைத்தால் வேகம் அதிகம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம்மூரில் சொல்வதை இங்கே நுரையீரல் சொல்லும்.

தண்ணீர் நாளைக்கு மூன்று முதல் நான்கு லிட்டர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், அதற்கு மேல் வலிந்து குடிப்பதும் நல்லதல்ல. முகாமில் தரும் தண்ணீர் கொதிக்க வைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடுமுன் கை கழுவுவதில் சலிப்பு வேண்டாம். வயிற்றுப்போக்கால் திரும்புகிறவர்களும் உண்டு.

சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், சமையல்காரர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் 4,000 மீட்டருக்கு மேல் பசி செத்துவிடும், இனிப்பு குமட்டும். அப்போது நாக்கு கேட்பது உப்பும் புளிப்பும். பருப்புப் பொடி, சிறிய டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய், வெந்நீரில் கரைக்கும் ரசப் பொடி ஆகியவற்றுக்கு அரைக் கிலோ ஒதுக்குங்கள். சூப்போடு ரசம் குடித்துச் சோறு இறங்கிவிட்டால் அடுத்த நாள் நடை உறுதி.

இரவில் தூக்கம் அறுந்து அறுந்து வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் சில நொடி மூச்சே விடாமல் இருந்துவிட்டு, பெருமூச்சோடு மீண்டும் தொடங்குவதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். உயரத்தில் அப்படித்தான் நடக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது, இரண்டும் மூச்சை மேலும் மந்தமாக்கும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைச் சாக்ஸில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் கால் சூடாக இருக்கும், காலையில் அதுவே குடிநீர்.

எப்போது இறங்க வேண்டும்

லேசான தலைவலி பலருக்கும் வரும். நின்று, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். போய்விட்டால் தொடரலாம். தலைவலியோடு வாந்தியும் பசியின்மையும் தலைச்சுற்றலும் சேர்ந்தால் அது மலைநோய். குறையும்வரை அதற்கு மேல் ஏறக் கூடாது.

இரண்டு நிலைகளில் பேச்சுக்கே இடமில்லை. ஒன்று மூளை வீக்கம். குடித்தவர் போலத் தள்ளாடுவது, குழறுவது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது. தரையில் நேர்கோட்டில், குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் உடனே இறக்க வேண்டும், நள்ளிரவானாலும். மற்றொன்று நுரையீரலில் நீர் கோப்பது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், நீலம் பாய்ந்த உதடு, மார்பில் கரகரப்பு. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. ஆக்சிஜனும் ஊசியும் இறங்குவதற்குத் துணைதான்.

தலைவலியை வழிகாட்டியிடம் மறைப்பதுதான் இங்கே நடக்கும் மிக ஆபத்தான காரியம். இவ்வளவு பணம் கட்டினோமே, திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயம். மறைத்தவர்தான் ஸ்ட்ரெச்சரில் இறங்குகிறார். முதல் நாளே சொன்னவர் பெரும்பாலும் அரை நாள் ஓய்வோடு தப்பிக்கிறார்.

உச்சி இரவு

பராஃபு என்றால் சுவாஹிலியில் பனிக்கட்டி. அங்கே தண்ணீர் கிடையாது. கரங்காப் பள்ளத்தாக்கிலிருந்து போர்ட்டர்கள் சுமந்து வருவது. பிற்பகல் வந்து சேர்ந்து, மாலை ஐந்தரைக்குச் சாப்பிட்டு, படுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்: பேட்டரி மாற்றிய விளக்கு, மிட்டன், தின்பண்டம். பதினொன்றரைக்கு எழுப்புவார்கள், அந்தக் குளிரில் பைக்குள் கையை விட்டுத் துழாவினால் அரைமணி நேரம் போய்விடும், விரலும் மரத்துவிடும்.

உடுப்பு: மேலே நான்கு அல்லது ஐந்து அடுக்கு, கீழே மூன்று. கனத்த சாக்ஸ் ஒன்று போதும். இரண்டு போட்டு பூட்ஸை இறுக்கினால் ரத்தம் ஓடாமல் விரல் இன்னும் சீக்கிரம் மரக்கும். கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆரம்பத்திலேயே கதகதப்பாக இருந்தால் வியர்த்துவிடும். வெப்பநிலை மைனஸ் 10 முதல் 20 வரை, காற்று அடித்தால் அதைவிட மோசம்.

முதுகுப்பைக்குள் வைத்துக் குழாயால் உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை கொண்டுபோனால், அதன் குழாய் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஒவ்வொரு முறை குடித்த பிறகும் குழாயில் ஊதி, தண்ணீரைப் பைக்குள் திருப்பிவிட வேண்டும். அதை நம்பாமல் அகன்ற வாய் பாட்டில்கள் இரண்டில் வெந்நீர் நிரப்பி, தலைகீழாக வையுங்கள். உறைவது மேற்பரப்பில் தொடங்கும். தலைகீழாக இருந்தால் பனி அடிப்பக்கம் நிற்கும், மூடி திறக்கும். சாக்லேட்டும் கல்லாகிவிடும், சட்டைப்பையில் உடலோடு ஒட்டி வையுங்கள். செல்போனும் அப்படியே, வெளியே வைத்தால் 60 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் உச்சியில் அணைந்துவிடும், படம் எடுக்க முடியாது.

பராஃபுவிலிருந்து உச்சி 1,200 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு காலடி, ஒரு மூச்சு. பின்காலை நேராக நிறுத்தி எடையை எலும்பின் மேல் விட்டு ஒரு நொடி நின்று, பிறகு முன்காலை எடுங்கள். தசை அந்த நொடியில் ஓய்வெடுக்கும். நிற்பது இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் உடல் குளிர்ந்துவிடும், உட்கார்ந்தால் தூக்கம் வரும். மூன்று மணி முதல் ஐந்து மணிவரைதான் பலர் மனம் உடைவது. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போவது அதற்குப் பெரிய காரணம், பசிக்காவிட்டாலும் மணிக்கொரு முறை இரண்டு வாய் தின்னுங்கள். விடியும் நேரத்தில் எரிமலை வாயின் விளிம்பான ஸ்டெல்லா பாயிண்ட், 5,756 மீட்டர். அங்கிருந்து உஹுரு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், ஏற்றம் குறைவு. ஸ்டெல்லா வரை வந்தவர்களுக்கும் பூங்கா சான்றிதழ் தருகிறது. தள்ளாடுகிறவர் அங்கே திரும்புவதே சரி. உச்சியில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

இறக்கம்

அதே நாளில் 3,100 மீட்டர் உயரமுள்ள ம்வேக்கா முகாம் வரை இறங்க வேண்டும், 2,800 மீட்டர் இறக்கம். இரவு முழுக்க விழித்த கால் இது, சறுக்கி விழுவது பெரும்பாலும் இப்போதுதான். கிளம்புமுன் கால் நகத்தை ஒட்ட வெட்டி, பூட்ஸின் மேல்பகுதியை இறுக்கிக் கட்டினால் நகம் கறுக்காது. நடைக்கோலைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். சரளையில் புழுதி எழும்பும், மூக்கை மூட மெல்லிய துணி வேண்டும்.

மறுநாள் காலை டிப்ஸ் கொடுக்கும் சடங்கு. குழு முழுவதும் சேர்ந்து கொடுப்பது வழக்கம்: நாளொன்றுக்கு வழிகாட்டிக்கு 20 முதல் 25 டாலர், துணை வழிகாட்டிக்கு 15 முதல் 20, சமையல்காரருக்கு 12 முதல் 15, போர்ட்டர் ஒவ்வொருவருக்கும் 6 முதல் 10. மொத்தத்தை ஒருவர் கையில் கொடுக்காமல், யாருக்கு எவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் கொடுங்கள். சில்லறை டாலர் ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். கிழிந்ததும், பழைய வருடத்து நோட்டும் அங்கே மாறாது.

ஊர் திரும்பிய பிறகு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வைரஸ் காய்ச்சல் என்று வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், டான்சானியா போய் வந்ததை மருத்துவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.